பலகை ஒட்ட எந்தக் கிளாம்பு? மதுரை வெயிலுக்கு ஏற்ற ஓர் ஒப்பீடு

மரப்பட்டறை தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ரம்பத்துக்கும் இழைப்பு இயந்திரத்துக்கும் கணக்குப் போட்டுப் பணத்தை ஒதுக்கிவிட்டு, பசை காயும் வரை பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை, கடைசியில் மிஞ்சும் தொகைக்கு எத்தனை வருமோ அத்தனை வாங்கி வருகிறார்கள். இரண்டு பேர் வேலை செய்யும் சிறு பட்டறை ஒன்று, ஏழடிக்கு மூன்றடிக் கதவு, சாப்பாட்டு மேசைக்கான அகலப் பலகை, எப்போதாவது ஓர் அலமாரி என்று வேலை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் முன் உள்ள தெரிவுகள் முக்கியமாக ஐந்து: எஃப் எழுத்து வடிவில் இருக்கும் எஃப் கிளாம்பு, குழாயையே உடலாகக் கொண்ட பைப் கிளாம்பு, டி வடிவ இரும்புச் சட்டத்தில் ஓடும் சாஷ் கிளாம்பு, தாடைகள் சாயாமல் நேராக நிற்கும் பேரலல் கிளாம்பு, இவை எதுவும் இல்லாமல் கட்டையும் ஆப்பும் கொண்டு பட்டறையிலேயே செய்துகொள்ளும் இறுக்குச் சட்டம். கடைகளில் இவற்றை இறுக்கும் வலிமையை வைத்தே உயர்வு தாழ்வு சொல்வார்கள். மதுரையில் பசை ஒட்டுகிறவருக்கு அந்த வரிசை பாதி உதவிதான் செய்யும். பசை பூசிய கணத்திலிருந்து கடைசித் திருகு இறுகும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் வெயில். வெள்ளைப் பசை என்று நாம் சொல்லும் பிவிஏ வகைப் பசை, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்களால் ஆனது; அந்தத் தண்ணீர் மரத்துக்குள்ளும் காற்றிலும் போகப் போகத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகின்றன. சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும் ஊரில், தகரக் கூரைக்கு அடியில், மின்விசிறியும் சுழன்றுகொண்டிருந்தால், மெல்லியதாகப் பூசிய பசையின் மேல் சில நிமிடங்களிலேயே ஆடை கட்டத் தொடங்கிவிடும். ஆடை கட்டிய பசையை எத்தனை கிலோ விசையில் அழுத்தினாலும் அது எதிர்ப்பலகைக்குள் ஊறாது. இணைப்பு இறுகியது போலவே தோன்றும். பின்னர் ஒரு கோடையில் அந்த இடம் கோடாக விரியும். பசை டப்பாவில் அச்சிட்டிருக்கும் நேரத்தை மிதமான வெப்பத்துக்கான நேரமாகக் கொண்டு, கோடைப் பகலில் அதைக் கணிசமாகக் குறைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பு.

முந்திய தலைமுறை ஆசாரிகளுக்கு இவ்வளவு கிளாம்பு தேவைப்படாததற்கும் பசைதான் காரணம். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைச் சூடாகப் பூசி, இரண்டு விளிம்புகளையும் முன்னும் பின்னும் தேய்த்துப் பொருத்தினால், ஆறும்போது அது கூழாகி இறுகிப் பலகைகளைத் தானே பிடித்துக்கொள்ளும். சிறிய பலகைகளுக்கு வெளி அழுத்தமே வேண்டியதில்லை. 1959-இல் ஃபெவிகால் விற்பனைக்கு வந்தது. அதுவும் அதைப் போன்ற பசைகளும் பட்டறைகளில் பரவியதும், அடுப்பில் வச்சிரம் காய்ச்சும் வேலை ஒழிந்தது. அதற்கு ஈடாக, பசை பிடிக்கும் வரை பலகைகளை அசையாமல் வைத்திருக்கும் பொறுப்பு கிளாம்பின் மேல் ஏறியது.

வலிமைக் கணக்கை முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது. மென்மரங்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 7 முதல் 10 கிலோ வரையும், வன்மரங்களுக்கு 12 முதல் 17 கிலோ வரையும் அழுத்தம் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 120 செ.மீ. நீளமும் 2.5 செ.மீ. கனமும் உள்ள ஒரு விளிம்பின் பரப்பு 300 சதுர செ.மீ.; தேக்குக்கு 12 கிலோ என்று கொண்டால் மொத்தம் 3,600 கிலோ விசை வேண்டும். நன்றாக முறுக்கிய முக்கால் அங்குல பைப் கிளாம்பு ஏறத்தாழ 450 கிலோ தரும் என்பதால், கணக்குப்படி எட்டு கிளாம்பு தேவை. இதைப் பார்த்து மலைக்க வேண்டாம். இழைப்புளி வைத்துச் சரிசெய்த இரண்டு விளிம்புகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது இடையில் ஒளிக்கீற்று தெரியவில்லை என்றால், அட்டவணை சொல்வதைவிடக் குறைந்த அழுத்தத்திலும் உறுதியான இணைப்பு கிடைக்கிறது. அவ்வாறு பொருந்தாத விளிம்பைக் கிளாம்பின் பலத்தால் வளைத்து மூடினால், அந்த வளைவு பசைக்கோட்டை நாள்தோறும் பிரித்து இழுத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த கிளாம்பானாலும் இதற்கு மருந்தாகாது.

எண்ணிக்கையைத் தீர்மானிக்க இன்னொரு வழியும் உண்டு. கிளாம்பின் தாடை தொடும் இடத்திலிருந்து அழுத்தம் இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விரிந்து செல்வதாகக் கொள்ளலாம். வெளிப்பலகை 10 செ.மீ. அகலமாக இருந்தால், அதன் உட்புற இணைப்புக்கு வந்து சேரும்போது ஒவ்வொரு கிளாம்பின் அழுத்தமும் 20 செ.மீ. நீளத்தை மூடும், ஆக 120 செ.மீ. நீளத்துக்கு ஆறு போதும். வெளிப்பலகை ஒடுக்கமாக இருந்தால் தாடைக்கும் அதற்கும் இடையில் ஒரு தடித்த ரீப்பரை வைத்தால் அழுத்தம் அதற்குள்ளேயே விரிந்துவிடும். விளிம்பில் தாடை பதிந்து பள்ளம் விழுவதும் நிற்கும். நடுவில் மயிரிழை அளவு குழிவாக இழைத்த விளிம்புக்கு இன்னும் குறைவான கிளாம்பே போதும், ஏனெனில் நடுவில் இறுக்கும்போதே இரு முனைகளும் தாமாக அழுந்திக்கொள்கின்றன. இது கை பழகியவர்களின் வேலை. இயந்திரத்தில் இழைத்த விளிம்பை நம்பும் பட்டறை ஆறு என்ற எண்ணிக்கையைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பின்னணியில் பைப் கிளாம்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் நம் ஊர் நிலைமைக்கு அதுவே மிகவும் ஒத்துவருகிறது. கடையில் வாங்குவது திருகு உள்ள தலையும், குழாயின் மேல் நகரும் வால்தாடையும் மட்டுமே; உடலாக அமைவது வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு வாங்கும் அதே முக்கால் அங்குல ஜி.ஐ. பைப். வெளிநாட்டில் வடிவமைத்த தலைகளின் மரை நம் குழாயின் மரையிலிருந்து கோணத்தில் சற்று வேறுபடும். ஆனால் முக்கால் அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைகள்தான் என்பதால் நம் குழாய் அதில் ஏறிவிடுகிறது. குழாய் வாங்கும்போது நிறப்பட்டையைப் பார்க்க வேண்டும்: மஞ்சள் பட்டை இலேசான வகை, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. மஞ்சள் பட்டைக் குழாய் நீளமான வேலையில் வில்லாக வளையும். நீலத்துக்குக் கீழே போகக் கூடாது. 6 மீட்டர் குழாய் ஒன்றை வாங்கி, 90 செ.மீ. அளவில் நான்கும் 120 செ.மீ. அளவில் இரண்டுமாக வெட்டி, பிளம்பிங் கடையிலேயே மரை போட்டு வாங்கிவிடலாம். இரு முனைகளிலும் மரை இருந்தால், நீளம் தேவைப்படும் நாளில் ஒரு சாக்கெட் வைத்து இரண்டு துண்டுகளை இணைத்துக்கொள்ளவும் முடியும். நீளத்தை மாற்ற வேறு கிளாம்பு வாங்க வேண்டியதில்லை என்பது மற்ற எந்த வகையிலும் கிடைக்காத வசதி.

வேகத்திலும் இது பின்தங்கவில்லை. வால்தாடையைத் தள்ளினால் நகர்ந்து, விட்ட இடத்தில் தகடுகள் கவ்விக்கொள்வதால், முன்கூட்டியே அளவு வைத்த ஆறு கிளாம்பையும் இரண்டு பேர் மிகச் சில நிமிடங்களில் மூடிவிடலாம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. தாடை குழாய்க்கு மேலே நிற்பதால், முறுக்க முறுக்கக் குழாய் வளைந்து, பலகைகளும் அதனுடன் ஒரு பக்கமாகக் குவியும். ஒன்றைப் பலகைக்கு அடியிலும் அடுத்ததை மேலேயும் மாற்றி மாற்றி வைப்பது இதற்கான வழக்கமான தீர்வு. தாடைக்கும் பலகை விளிம்புக்கும் நடுவே, பலகைக் கனத்தின் சரிபாதி உயரத்தில் ஒரு மெல்லிய உருளைக் குச்சியை வைத்தால் அழுத்தம் நடுக்கோட்டிலேயே செல்லும் என்பது அதைவிட நல்ல தீர்வு. ஒட்டுகிற பலகையின் குறுக்கே மேலும் கீழும் நேரான கட்டைகளை வைத்து அவற்றை எஃப் கிளாம்பால் இறுக்கினால் பலகைகள் ஏறியிறங்கிப் படி விழுவதும் குவிவதும் இரண்டும் அடங்கும். அந்தக் கட்டைகளில் பேக்கிங் டேப் ஒட்டாமல் விட்டால் அவையும் மேசையோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

கதவு வேலையே பிரதானம் என்றால் என் முடிவு மாறும். அங்கே டி சட்ட சாஷ் கிளாம்புக்கு இணையில்லை. டி வடிவச் சட்டம் குழாயைப் போல எளிதில் வளையாது. நெடுஞ்சட்டங்களுக்கு இடையே குறுக்குச் சட்டங்களின் கழுந்துகளை (துளைக்குள் பொருந்தும் முனைகளை) உள்ளே செலுத்தத் தேவைப்படும் நீண்ட, நிதானமான அழுத்தத்தை அது தரும். வால்தாடையைத் துளையில் முள் செருகி நிறுத்துவதால் நழுவும் பேச்சே இல்லை. ஆனால் துளைக்குத் துளை உள்ள தூரத்தைத் திருகின் ஓட்டத்தால் நிரப்ப வேண்டியிருப்பதால், பசை பூசிய பிறகு துளை தேடுகிறவருக்கு இது மிகவும் மெதுவான கருவியாகிவிடும். ஒரே அளவுக் கதவுகளைத் தொடர்ந்து செய்யும் பட்டறையில் முள் ஒரே துளையிலேயே இருக்கும் என்பதால் இந்தக் குறை தானே மறைகிறது. ஒவ்வொரு வாரமும் வேறு வேறு அகலத்தில் மேசைப் பலகை செய்கிறவருக்கு அது மறையாது. எடையும் கவனிக்க வேண்டியது: நான்கடி சாஷ் கிளாம்பை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மறுகையால் பலகையைச் சரிசெய்வது நடக்காத காரியம். கதவு ஒட்டும்போது நடுப் பலகைக்குப் பசை பூசக் கூடாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். தேக்கே ஆனாலும், பச்சை மரம் முற்றிலும் காயும் வரை அகலவாக்கில் 5 விழுக்காட்டை ஒட்டிச் சுருங்கக்கூடியது; காய்ந்த பிறகும் ஐப்பசி மழைக்கு ஊறி, மாசிக் காற்றுக்கு ஒடுங்கும். சட்டங்களில் வெட்டிய காடிக்குள் அது சுதந்திரமாக நகர வேண்டும். கிளாம்பு பிடிக்க வேண்டியது சட்டங்களை மட்டுமே.

எஃப் கிளாம்பு எல்லோரும் முதலில் வாங்குவது. கைக்கு அடக்கம், விலை குறைவு, தாடையைத் தள்ளி உடனே முறுக்கலாம். இலேசான வகைகள் பைப் கிளாம்பில் பாதி விசைகூடத் தருவதில்லை என்பதும், நீளமானவற்றில் சட்டம் மெலிந்து வளைவதும் உண்மை. அதைவிடத் தொல்லை, இறுக்கும்போது நகரும் தாடை சற்றுச் சாய்ந்து பலகையை மேலே தூக்கிவிடுவது. ஆகவே அகலப் பலகை ஒட்டுவதற்கு எஃப் கிளாம்பை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் குறுக்குக் கட்டைகளை இறுக்கவும், பலகையைப் பட்டறை மேசையில் நிறுத்தவும், விளிம்புப் பட்டி ஒட்டவும் ஓரடி நீளத்தில் குறைந்தது நான்கு இல்லாத பட்டறை தடுமாறும். சி கிளாம்பு வலுவானது, விலை குறைந்தது, மரை முழுவதையும் சுற்றியே மூட வேண்டும் என்பதால் மிகவும் மெதுவானது. பிளைவுட்டைப் பல அடுக்காக ஒட்டுவதற்கு ஏற்றது. மற்றபடி ஒன்றிரண்டு போதும்.

பேரலல் கிளாம்பைப் பற்றி எழுதும்போதெல்லாம் அதன் விலையே முதலில் நினைவுக்கு வருகிறது. ஒன்று வாங்கும் தொகைக்குப் பல பைப் கிளாம்புத் தலைகளை வாங்கிவிடலாம். அதன் தாடைகள் அகலமாக, சட்டத்துக்குச் செங்குத்தாகவே நிற்பதால், அலமாரிப் பெட்டியை ஒட்டும்போது மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மூலைக்கு மூலை குறுக்களவுகள் இரண்டும் ஒன்றாக வருகின்றனவா என்று ஒருமுறை டேப் பிடித்தால் போதும். தாடையில் போர்த்திய பிளாஸ்டிக்கில் பசை ஒட்டாது, மரத்தில் கறை படியாது. பலகையை நேரடியாக அதன் சட்டத்தின் மேல் கிடத்தி வைத்தே ஒட்டலாம் என்பதால் ஒரே ஆளாக வேலை செய்கிறவருக்கு இது மூன்றாவது கையாகவே ஆகிவிடுகிறது. ஆனால் மாதத்துக்கு ஓர் அலமாரி செய்யும் பட்டறைக்கு நான்கு பேரலல் கிளாம்பு வாங்குவது, அதே பணத்தில் உலர்ந்த நல்ல மரம் வாங்குவதைத் தள்ளிப்போடுவதாகவே முடியும். பெட்டி வேலை பாதிக்கு மேல் ஆகும்போது வாங்கலாம்.

அலுமினியக் குழல் கிளாம்புகள் இலேசாக இருப்பதால் கவர்ச்சியாகத் தெரியும். அவை வளைவதும் அவ்வளவே எளிது. உள்ளே காலியாக இருக்கும் குழலுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் மரச் சட்டத்தைச் செருகினால் விறைப்பு கூடும் என்பதால், ஏற்கெனவே வாங்கியவர்கள் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஒரு கையால் பிடியை இழுத்து மூடும் கிளாம்பு வேகத்தில் எல்லாவற்றையும் வெல்லும், அழுத்தத்தில் எல்லாவற்றுக்கும் தோற்கும்.

ஆப்புச் சட்டத்தை ஏழைகளின் வழி என்று ஒதுக்குவது சரியல்ல. தடித்த இரண்டு கட்டைகளைத் தரையில் கிடத்தி, ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் தடுப்புக் கட்டையைத் திருகி, ஒரு முனைத் தடுப்புக்கும் பலகைக்கும் இடையே எதிரெதிராகச் சாயும் இரண்டு ஆப்புகளைச் செருகி, கொட்டாப்புளியால் மாற்றி மாற்றித் தட்டினால், சாய்வு மெலிதாக இருக்கும்போது கிளாம்புக்கு நிகரான அழுத்தம் கிடைக்கும். பலகை கட்டையின் மேலேயே படுத்திருப்பதால் கீழ்ப்பக்கம் வளைய வழியில்லை. மேலே இன்னொரு கட்டையை வைத்துக் கட்டிவிட்டால் மேல்பக்கமும் அடங்கும். வேகமும் உண்டு, ஏனெனில் ஆப்பு இரண்டு மூன்று தட்டில் இறுகிவிடுகிறது. ஒவ்வோர் அகலத்துக்கும் தடுப்பை இடம் மாற்ற வேண்டும் என்பதும், தட்டும் அதிர்ச்சியில் பசை பூசிய பலகை நீளவாக்கில் நழுவக்கூடும் என்பதும் இதன் குறைகள். ஒரே அளவில் பத்து மேசைப் பலகை செய்ய வேண்டிய ஆர்டர் வந்தால், கையில் பைப் கிளாம்பு இருந்தாலும் நான் ஆப்புச் சட்டத்தையே தேர்ந்தெடுப்பேன்.

எந்தக் கிளாம்பானாலும் மரத்தைப் பொறுத்துச் சில மாற்றங்கள் தேவைப்படுகின்றன. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. விளிம்பை இழைத்த அன்றே ஒட்டுவதும், இயலாதபோது அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டு ஒட்டுவதும் பிடிப்பைக் கூட்டும். செட்டிநாட்டுப் பக்கம் பிரிக்கும் பழைய வீடுகளிலிருந்து காரைக்குடி வழியாக வந்து சேரும் பர்மாத் தேக்கில் மெழுகும் மெருகும் பல அடுக்காக ஏறியிருக்கும். புது மரம் தெரியும் வரை இழைக்காமல் அதை ஒட்டக் கூடாது. வேங்கை, கருவேலம் போன்ற துவர்ப்புச் சத்து மிகுந்த மரங்களில் ஈரமான பசையும் இரும்பும் ஒன்றாகத் தொட்டால் கருங்கறை விழும், அது ஆழமாக இறங்கினால் உப்புத்தாள் தேய்ப்பால் போகாது. ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு இதை ஓரளவு தடுக்கிறது என்றாலும், பூச்சு தேய்ந்த பழைய குழாயிலும் சாஷ் கிளாம்பின் வெற்று இரும்பிலும் மெழுகுத்தாள் ஒன்றை இடையில் வைப்பது கட்டாயம்.

பயன்படுத்தும் முறையில் நான் வலியுறுத்துவது பசையில்லாத ஒத்திகையை. எல்லாக் கிளாம்பையும் அளவு வைத்து, முழுவதுமாக இறுக்கிப் பார்த்து, தளர்த்தி, எடுத்த வரிசையிலேயே பக்கத்தில் அடுக்கிவிட்டுத்தான் பசை டப்பாவைத் திறக்க வேண்டும். கோடையில் காலை எட்டு மணிக்கு முன் ஒட்டுவதும், விசிறியை நிறுத்துவதும், ஆறு பலகை மேசையை ஒரே மூச்சில் ஒட்டாமல் மூன்று மூன்றாக ஒட்டிப் பிறகு இரண்டையும் சேர்ப்பதும், கூடுதல் கிளாம்பு வாங்குவதற்குச் சமமான பலனைத் தரும். நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் இறுக்க வேண்டும். இணைப்பு நெடுகிலும் சிறு சிறு மணியாகப் பசை பிதுங்கினால் அழுத்தம் போதும் என்று பொருள். அதற்கு மேல் முறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி இணைப்பு வறண்டுவிடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. கைத்திருகால் அந்த நிலையை எட்டுவது அரிது, அதற்கு வெகு முன்னரே பலகை வளைந்துவிடும். அஞ்ச வேண்டியது வளைவுக்கே. பிதுங்கிய பசையை ஈரத்துணியால் பரப்பித் துடைப்பதைவிட, ரப்பர் போல இறுகும் வரை பொறுத்து உளியால் வழித்தெடுப்பது பாலிஷ் போடும்போது நன்மை தரும். பசை வகையையும் பருவத்தையும் பொறுத்துச் சில மணி நேரத்தில் கிளாம்பை எடுக்கலாம் என்றாலும், முழு வலு வர ஒரு நாள் ஆகும். எடுத்தவுடன் இழைப்பதும் தவறு: பசையின் தண்ணீரை உறிஞ்சிய இணைப்பு சற்றுப் புடைத்திருக்கும், அப்போதே மட்டமாக இழைத்துவிட்டால், ஈரம் போனபின் அங்கே மெல்லிய பள்ளம் தெரியும். கார்த்திகை மழையில் இந்தப் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும்.

ஆகவே, கதவும் மேசையும் கலந்து செய்யும் பட்டறைக்கு என் வரிசை இது: முதலில் ஆறு பைப் கிளாம்புத் தலைகளும் நீலப்பட்டைக் குழாய் ஒன்றும், அதோடு ஓரடி எஃப் கிளாம்பு நான்கு, கதவு ஆர்டர் நிலைத்த பிறகு நான்கடி சாஷ் கிளாம்பு மூன்று, பேரலல் கிளாம்பு அதற்குப் பிறகு. கதவு மட்டுமே செய்கிறவர் சாஷ் கிளாம்பில் தொடங்கட்டும். ஆப்புச் சட்டத்துக்குச் செலவே இல்லை என்பதால் அது வரிசைக்கு வெளியே எப்போதும் இருக்கலாம்.

கடையில் பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு தலையையும் கையில் எடுத்துத் திருகை முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் சிக்கும் மரை எண்ணெய் போட்டாலும் சரியாவதில்லை. வால்தாடையை ஒரு குழாய்த் துண்டில் ஏற்றி, தகடுகளை விடுவித்துத் தள்ளும்போது தடையின்றி ஓடுகிறதா, விட்டவுடன் கவ்வுகிறதா என்று பார்க்க வேண்டும். வார்ப்பில் விரிசலோ ஊசித்துளையோ தெரிந்தால் அந்தப் பெட்டியையே மாற்றித் தரக் கேட்கலாம். வாங்கி வந்த பிறகு மரைக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். எண்ணெய் தடவினால் மரத்தூள் அப்பிக்கொள்ளும், வழிந்து குழாயில் பட்டால் தகடும் வழுக்கும்.